தேவானை வீட்டுப் பிரசவ விடுதி

புங்கந்தோப்பு டவுன் பஞ்சாயத்து என்று ஒன்று இருந்தது. அடையாறு பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால், திருவான்மியூர் வருவதற்கு முன்னால், கால்வாய்க்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில். இப்போது தேடிக்கொண்டு போனால் கிடைக்காது, பட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள். இருந்த காலத்தில் அது என்னதான் செய்தது என்று யாராவது கேட்டால் கூசாமல் பதில் சொல்லலாம். கல் நட்டது.

அந்த விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தலைவர் ராஜரத்தினம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். சேலையை விரித்துக் காட்டினாலே பாதி வியாபாரம் முடிந்தது என்று கடையில் கண்டுகொண்டவர், ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் அதையே கொண்டுவந்தார். வாழைமரம் கட்டுவார்கள், மைக் செட் அலறும், வெல்வெட் பெட்டியிலிருந்து வெள்ளிக் கரண்டி வெளியே வரும். ஒரு கரண்டி சாந்து, அதன்மேல் கல். கல்லில் அவர் பெயர் பெரிதாகவும், வரப்போகும் கட்டடத்தின் பெயர் சிறிதாகவும் இருக்கும். பிறகு பொன்னாடை, லட்டு, மிக்சர். மறுநாள் மைக் செட்காரன் வந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு போவான், கல் மட்டும் அங்கேயே நிற்கும். நூல்நிலையக் கல்லில் ஆடு கட்டினார்கள். கால்நடை மருத்துவமனைக் கல்லில் துணி துவைத்தார்கள். கல் நட்டால் கட்டடம் வரவேண்டாமா என்று ஒரு வாத்தியார் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் ஒரே ஒருத்திதான் ஒரு கல்லை மனசார நம்பினாள். அவள் தேவானை. கால்வாய்க் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவள், காலையில் இட்டிலி சுட்டு விற்பவள். அறுபத்தேழு மழைக்காலத்தில் அவளுக்கு வலி எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கைரிக்‌ஷாவில் போகும்போது, அடையாறு பாலத்தின்மேலேயே குழந்தை பிறந்து, பாலம் இறங்குவதற்குள் செத்தும் போயிற்று. ரிக்‌ஷாவை இழுத்தவன் அவள் புருஷன் வேலுதான்.

அடுத்த வருஷம் அவள் குடிசைக்குப் பக்கத்திலேயே ராஜரத்தினம் ஒரு கல்லை நட்டார். தாய்சேய் நல விடுதி. "தாய்க்குலமே! இனிப் புங்கந்தோப்பில் எந்தத் தாயும் நடுவழியில் பிள்ளை பெறமாட்டாள்!" என்று மைக்கில் முழங்கினார். கூட்டத்தில் பத்து வயது மகள் முத்தம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற தேவானை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் "எப்ப சார் கட்டுவீங்க?" என்று கேட்டாள். "கட்டிக்கிட்டேதான்மா இருக்கோம்" என்று அவரும் சளைக்காமல் சொல்லிவந்தார்.

சில வருஷங்கள் கழித்துக் குடிசை தீப்பிடித்து எரிந்தது. வேலு கடன்பட்டுச் செங்கல் சுவர் எழுப்பி ஓடு போட்டான். நல்ல கருங்கல் சும்மா நிற்கிறதே என்று வாசல்பக்க மூலைச் சுவரை அந்தக் கல்லின்மேலேயே தூக்கிவிட்டான். "சாமியாட்டம் வச்சிருந்த கல்லுய்யா!" என்று தேவானை கத்தினாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். எத்தனை நாள்தான் கத்துவது?

எழுபத்தேழில், புங்கந்தோப்பைப் பட்டணத்தோடு சேர்க்க உத்தரவு வந்துவிட்டது. பஞ்சாயத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு இட்டிலியும் வடகறியும் கொண்டுபோன தேவானை வராந்தாவில் குண்டானோடு குந்தியிருந்தாள். உள்ளே பேசுவது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"பட்டணத்துப் பெரிய ஆபீஸ்ல இருந்து ஆளு வருதாவளாம். ஒவ்வொரு கல்லாப் பாப்பாவளாம்" என்றார் ராஜரத்தினம். "கல்லு இருக்கு, கட்டடம் எங்கவேன்னு கேட்டா என்ன சொல்லுவீரு?"

நிர்வாக அதிகாரி சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். ஒல்லியான மனிதர், எந்தச் சங்கடத்திலும் சட்டை கசங்காதவர். "நாம இதை இவ்வளவு நாளும் தப்பாப் பார்த்துட்டோம் சார். நம்மகிட்ட கட்டடம் இல்லாத கல்லு இருக்கு. ஊர்ல கல்லு இல்லாத கட்டடம் ஏகப்பட்டது இருக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சா ஊர் முழுமை அடைஞ்சிடும்."

உள்ளே யாரோ மேஜையைத் தட்டினார். பிறகு பலமாகக் கைதட்டினார்கள்.

"புலவர் துரைராஜ் நம்ம பஞ்சாயத்து வரலாறு எழுதிக்கிட்டிருக்கார்" என்று சிதம்பரநாதன் தொடர்ந்தார். "எல்லாக் கட்டடமும் கல் நட்ட மறுவருஷமே கட்டி முடிச்சதா அதுல வந்துடும். முதல்ல வரலாறு ரெடி ஆகட்டும். ஊரை அதுக்குத் தகுந்தாப்பல பண்ணிக்கலாம்."

தேவானைக்கு முழுசாகப் புரியவில்லை. பெரிய மனுஷங்கள் எதற்கோ சந்தோஷப்படுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அவர்கள் சந்தோஷப்பட்டால் அவளுக்கு எப்போதுமே பயமாக இருக்கும்.

மறுநாள் காலையில் சிதம்பரநாதன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கி, மூலையில் இருந்த கல்லைக் குடை முனையால் தட்டினார். கல், அதன்மேல் சுவர், சுவருக்கு மேல் ஓடு. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துத் தேவானை வாசலுக்கு வந்தாள்.

"நம்ம பஞ்சாயத்துலேயே முறைப்படி அடிக்கல் நாட்டிக் கட்டின கட்டடம் இது ஒண்ணுதாம்மா."

"இன்னா சார் சொல்ற நீ? இது எங்க வூடு."

"வீடுதான். யாரு இல்லேன்னா? ஒரே ஒரு நாளைக்கு மட்டும் பிரசவ விடுதியா இருக்கட்டும். டாக்டரம்மா வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க. மறுநாள் உன் வீடு உனக்கு. பட்டாவோட."

பட்டா என்ற சொல்லைக் கேட்டதும் வேலு எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினான். பதினைந்து வருஷமாகப் புறம்போக்கு. வருஷா வருஷம் யாராவது வந்து, இடிக்கப் போகிறோம் என்று மிரட்டிவிட்டு இட்டிலி தின்றுவிட்டுப் போவார்கள். தேவானைக்கும் நாக்கு ஊறத்தான் செய்தது. ஆனாலும் யோசித்தாள்.

"இந்த மாசம் முடியாது சார். எம்பொண்ணு முத்தம்மாவுக்குத் தலைப்பிரசவம். ராயபுரத்துலேந்து இட்டாறப் போறோம். ஒம்போது பொறந்துடுச்சி."

சிதம்பரநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கர்ப்பிணியா? நிஜக் கர்ப்பிணியா?"

"பொய்க் கர்ப்பிணி கூடக் கீறாங்களா சார்?"

"உனக்கென்னம்மா தெரியும்? நூல்நிலையத்துக்கு ஒரு வாசகனைப் பிடிக்க நான் படற பாடு! முத்தம்மாவை உடனே கூட்டிட்டு வா. இனிமே அவ பஞ்சாயத்துப் பொறுப்பு."

அப்படிச் சொன்ன மனுஷன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுப்பைத் தூக்கிப் பின்பக்கச் சாய்ப்பில் போட்டார்கள். அம்மியும் குழவியும் உலக்கையும் வெளியே போயின. கெங்கையம்மன் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தலைகீழாகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள்.

"பிரசவத்துக்கு வர்ற எடத்துல கொயந்தை வேணாம்னு இத்த எதுக்கு சார் வரையற?" என்று கேட்டாள் தேவானை.

"அது இருந்தாத்தாம்மா கவர்ன்மென்ட் கட்டடம்னு ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கும்" என்றார் சிதம்பரநாதன்.

ஊர் முழுக்க இதே கூத்துதான். ஷரஃபுதீனின் சைக்கிள் கடை நூல்நிலையமாகிவிட்டது. ட்யூபும் செயினும் தொங்கிய சுவரில் 'அமைதி' என்று எழுதினார்கள். கிரீஸ் கையோடு ஒரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார் ஷரஃபுதீன். "எனக்கு எய்த்தே தெரியாது சார்" என்றவரிடம், "படிக்கச் சொல்லலியே, பார்த்துக்கிட்டு இரும்" என்று சொல்லிவிட்டார்கள். எருமைக் கொட்டகைக்குக் கால்நடை மருத்துவமனை என்று போர்டு மாட்டினார்கள். எருமைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வழக்கம்போல நின்றன.

வேலுவுக்கு ஒரு காக்கிச் சட்டை கிடைத்தது. வாட்ச்மேன்! முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தான். இரண்டாம் நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விரட்டினான். மூன்றாம் நாள் கூடையோடு வந்த தேவானையை வாசலில் மறித்து, "யார பாக்கணும்?" என்றான்.

"கய்தே! உம் பொண்டாட்டிடா நானு!"

"அது எனக்குத் தெரியாதா? கேக்கணும்னு சொல்லிக் கீறாங்க, கேட்டேன். உள்ள போ."

அவள் உள்ளே போனாள். இருபது வருஷம் ரிக்‌ஷாவில் 'ஏய்' என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஓடியவன். இந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுப்பானா என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆய்வு நாளும் வந்தது. பட்டணத்துப் பெரிய ஆபீசின் டாக்டர் பங்கஜம் மயிலாப்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். கண்டிப்பான அம்மாள், மூக்கைச் சுருக்கிக்கொண்டே பார்க்கிறவள். கட்டிலில் முத்தம்மா பயந்துபோய்ப் படுத்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டிவிட்டு, ஆயா என்று தேவானையைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.

"ஏண்டிம்மா, எத்தனாவது மாசம்?"

"ஒம்போது டாக்டரம்மா."

"இங்கே நன்னா கவனிச்சுக்கறாளா?"

முத்தம்மா தாயைப் பார்த்தாள். "எங்கம்மா மாதிரி பாத்துக்கறாங்க" என்றாள். சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நீட்டா வெச்சுண்டிருக்கேள்" என்றாள் பங்கஜம். "ஒண்ணே ஒண்ணு. வார்டுல கருவாட்டு வாசனை அடிக்கறது. ஆஸ்பத்திரியா, யாராவது குடித்தனம் பண்றாளா?"

இதுதான் சமயம். 'ஆமாம்மா, நாங்கதான் குடித்தனம் பண்றோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தேவானை வாயைத் திறந்தாள். சிதம்பரநாதன் இருமினார். பட்டா, பட்டா என்று மனசு அடித்துக்கொண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே விழா. புலவர் துரைராஜ் வரலாற்றை வாசித்தார். அதில் சோழர்கள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் ராஜரத்தினம் வந்தார். கால்வாய்க் கரைத் தாய்சேய் நல விடுதி அறுபத்தொன்பதிலிருந்து இரவு பகலாக இயங்கிவருகிறது என்று புலவர் வாசித்தபோது தேவானை பக்கத்திலிருந்த ஷரஃபுதீனைப் பார்த்தாள். ஷரஃபுதீன் தரையைப் பார்த்தார். பிறகு ராஜரத்தினம் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இந்தப் பஞ்சாயத்து என்ன செய்தது என்று கேட்கிறார்கள். என்ன செய்யவில்லை என்று கேளுங்கள்! அதைச் சொல்ல இந்த ஒரு மேடை போதாது! மக்களுக்குச் சாதனைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. நாங்கள் அப்படியல்ல. மக்களையே எங்கள் சாதனைகளுக்குள் குடிவைத்தோம்! இன்று அந்தச் சாதனைகளை, உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து, பட்டணத்தாரிடம் ஒப்படைக்கிறோம்!"

மேடையில் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்தார்கள். சந்தனம், பன்னீர்ச் செம்பு, நடுவில் ஒரு பித்தளைச் சாவி. அது தன் வீட்டுப் பூட்டின் சாவி என்று தேவானைக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மேடையில் காக்கிச் சட்டையோடு நின்ற வேலுவும் தட்டினான். டாக்டர் பங்கஜம் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ராத்திரி பின்பக்கச் சாய்ப்பில் படுத்து, மறுநாள் விடிந்து பார்த்தபோது வீட்டுக் கதவில் பெரிய பூட்டு ஒன்று புதிதாகத் தொங்கியது. நள்ளிரவோடு பஞ்சாயத்து ஒழிந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. தேவானை பஸ் பிடித்துத் தியாகராய நகருக்கு ஓடினாள். ஜவுளிக்கடையில் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராஜரத்தினம் அவளை அன்போடு வரவேற்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

"நா இப்ப முன்னாள் தலைவரும்மா. முன்னாளுக்கு என்ன அதிகாரம் இருக்கு சொல்லு. மாலை போட்டாக் குனியலாம், அவ்வளவுதான். நீ சிதம்பரநாதனப் பாரு."

சிதம்பரநாதன் பட்டணத்துப் பெரிய ஆபீசில் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை அங்கேயும் கசங்கவில்லை.

"சாவி குடு சார். ஒரே நாளுன்னு சொன்னியே. பட்டா எங்க?"

"யாரும்மா சொன்னது?"

"நீதான் சார்!"

"நான் சொல்லலைம்மா. பஞ்சாயத்து சொல்லிச்சு. பஞ்சாயத்து இப்ப எங்க இருக்கு? அப்படி ஒரு ஊரே கிடையாது. இல்லாத ஊர் கொடுத்த வாக்கை யாரு காப்பாத்தறது?" அவர் குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. "இன்னொண்ணு சொல்றேன், உன் நல்லதுக்கு. அங்க எட்டு வருஷமா ஆஸ்பத்திரி நடக்குதுன்னு வரலாறு எழுதி, படிச்சு, எல்லாரும் கைதட்டியாச்சு. நீ அங்கதான் குடியிருந்தேன்னு சொன்னா, எட்டு வருஷமா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியைப் பூட்டி வச்சுக்கிட்டு, தாய்மாருங்களை நடுத்தெருவுல சாகவிட்டேன்னு ஆகும். அதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா? வெளியில சொல்லாதே. வீட்டுக்குப் போ."

"எந்த வூட்டுக்கு சார் போறது?"

அவர் மணியைத் தட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகும் தேவானையும் முத்தம்மாவும் சாய்ப்பிலேயே, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் படுத்தார்கள். ராயபுரத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால், தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பினால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? வேலுவுக்கு மட்டும் உத்தியோகம் நிலைத்துவிட்டது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூடிய கதவைக் காவல் காத்தான். ஷரஃபுதீன் தன் கடைக்குள் பம்ப்பை எடுக்கப் போனபோது, உறுப்பினர் அல்லாதார் உள்ளே வரக்கூடாது என்று வெளியே தள்ளினார்கள். அவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார்.

"எப்பதான் தொறப்பாங்களாம்?" என்று தேவானை தினமும் கேட்டாள்.

"தெறப்பு விழாவுக்கு ஒரு பெரிய ஆளு வரணுமாம். அவருகிட்ட தேதி கெடைக்கலியாம்" என்றான் வேலு.

"எட்டு வருசமா நடந்துக்கினு கீதுன்னு எய்தினானுங்களே, அத்த இப்ப எதுக்குத் தொறக்கணும்?"

வேலு யோசித்துப் பார்த்தான். "அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? நானு வாட்ச்மேனு."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் ஏறிச் சாய்ப்புக்குள் வந்தது. ஒரு நாள் மத்தியானம், பானைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த முத்தம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யம்மா!" என்று குந்திவிட்டாள். அடையாறு பாலத்தின்மேல் வண்டி போகவில்லை என்று காலையிலேயே சொன்னார்கள். முழங்கால் தண்ணீரில் தேவானை மகளைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"தொறய்யா கதவ!"

"சாவி எங்கிட்ட ஏதுடி?"

"ஒடச்சித் தொற!"

"வேல பூடும்டி தேவானை. வெவகாரமாப் பூடும். தெறப்பு விழா ஆவாத கட்டடம் இது."

முத்தம்மா அலறினாள். தேவானை புருஷனுடைய முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் வந்த வெறுப்பு அன்று வரைக்கும் யார்மேலும் வந்ததில்லை. "பாலத்துமேல வண்டிய இழுத்தியே. அப்பவாச்சும் ஒரு சட்டையில்லாத ஆம்பளையா ஓடின" என்றாள். வேலு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தடுக்கவும் இல்லை, கைகொடுக்கவும் இல்லை. அவள் சாய்ப்புக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டின்மேல் போட்டாள். நாலாவது போட்டில் பூட்டு தெறித்தது. தன் வீட்டுக்குள் திருடியைப்போலப் புகுந்து, தன் மகளை இரும்புக் கட்டிலில் படுக்கவைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். தேவானை சிரித்தாள், அழுதாள், முக்கோணத்தைப் பார்த்துக் காறித் துப்பினாள். என்ன செய்வார்கள்? போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுக்கட்டும்! குழந்தை உயிரோடு இருக்கிறது, அது போதும்.

மழை விட்டுப் பாலத்தில் வண்டி ஓட ஆரம்பித்ததுமே வேலு போய்ச் சேதி சொல்லிவிட்டான்; காலையில் மூன்று கார்கள் வந்தன. தேவானை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். முதல் காரிலிருந்து ராஜரத்தினம் இறங்கினார், கையில் ரோஜா மாலை. இரண்டாவதிலிருந்து சிதம்பரநாதன், கையில் பொன்னாடை. மூன்றாவதில் போட்டோக்காரன்.

"விடுதியின் முதல் குழந்தை!" என்று ராஜரத்தினம் கை கூப்பினார். உடைந்த பூட்டை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேதி கிடைக்காத பெரிய மனிதருக்கு, குழந்தை என்றதும் தேதி கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியிலேயே வாழைமரம், மைக் செட், ரிப்பன். அவர் குழந்தையைத் தூக்கினார், பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பொன்னாடை குழந்தையை மூக்குவரை மூடியது. "இங்கே ஏழைத் தாய்மார்கள் மாளிகையில் படுத்துப் பிள்ளை பெறுகிறார்கள்" என்று அவர் பேசினார். மறுநாள் பத்திரிகையில் படம் பெரிதாக வந்தது. ஷரஃபுதீன் அதைக் கொண்டுவந்து காட்டினார். தேவானைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவ்வளவு பெரிய படம் போட்டவர்கள் இனி நம்மை என்ன செய்துவிடுவார்கள்?

அன்று காலையிலேயே டாக்டர் பங்கஜம் வந்தாள். முத்தம்மாவின் நாடியைப் பார்த்தாள், குழந்தையைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஜோரா இருக்கா. பேஷா டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்."

"இன்னா பண்றது?"

"ஆத்துக்கு அனுப்பறதும்மா. சொஸ்தமான பேஷன்ட்டை வார்டுல வெச்சுண்டிருக்கப்படாது."

"இதாம்மா எங்க வூடு!" இந்தத் தடவை தேவானை சொல்லிவிட்டாள். உரக்கவே சொன்னாள். "அன்னிக்குக் கேட்டியே, குடித்தனம் பண்றாங்களான்னு. நாங்கதாம்மா பண்ணிக்கினு இருந்தோம். எம் புருசன் கட்டின சொவரும்மா இது!"

பங்கஜம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிரசவமான வீட்டில் சில பேருக்கு இப்படிப் பிதற்றல் வரும் என்று சிதம்பரநாதனிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். "வீடு இல்லாத பேஷன்ட்டுங்களுக்கும் நம்மகிட்ட ஏற்பாடு இருக்கு டாக்டர். வடக்கே, பட்டணத்து எல்லைக்கு அந்தாண்ட நல்ல விசாலமான இடம்" என்றார்.

வெளியே லாரி நின்றது. தேவானைக்குப் போராடத் தெம்பு இல்லை, குழந்தை கையில் இருந்தது. குண்டான், அம்மி, கெங்கையம்மன் படம் எல்லாம் வண்டியில் ஏறின. ஷரஃபுதீனும் பம்ப்போடு ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருந்தார்.

"நீ வரலியா?" என்று வேலுவிடம் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸ் தருவாங்கடி. நீ போய்க்கினே இரு, நான் பின்னாலயே வந்துடறேன்" என்றான் வேலு. அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

"டாக்டரம்மா, இங்க பிரசவம் பாக்க இனிமே யாரு வருவாங்க?" என்று லாரியிலிருந்தபடி முத்தம்மா கேட்டாள்.

"தெறப்பு விழா ஆயிடுத்தோல்லியோ? அடுத்தது போஸ்டிங் போடுவா. எல்லாம் வரிசைப்படிதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் காரில் ஏறினாள். சிதம்பரநாதனும் அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

லாரிக்காரன் இன்ஜினைக் கிளப்பினான். அப்போது கொட்டிவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் ரிக்‌ஷா சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. நிறைமாதப் பெண் ஒருத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட வந்த மாமியார்க்காரி கையில், மடித்த அன்றைய பத்திரிகை. குழந்தையும் பொன்னாடையும் மேலே தெரிந்தன.

"இதானே அந்த ஆஸ்பத்திரி? டாக்டரு உள்ள கீறாங்களா?"

வேலு எழுந்து நின்று சலாம் வைத்தான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். "உள்ள போய்ப் படுங்கம்மா" என்றான்.

"போவாதடி!" தேவானை லாரியில் எழுந்து நின்று கத்தினாள். "உள்ள யாரும் இல்லடி! அது வூடுடி! போவாத! வேற எங்கனா இட்டுக்கினு போங்கடி!" லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. இறங்கப் பார்த்தவளை ஷரஃபுதீன் இழுத்துப் பிடித்தார். முத்தம்மாவும் சேர்ந்து கத்தினாள்.

அந்தப் பெண் படியேறும்போது திரும்பிப் பார்த்தாள். பெற்றுப் பிழைத்துப் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் அவள் கண்ணில் பட்டார்கள். வலிக்கு நடுவிலும் சிரித்து, அவர்களுக்குக் கை ஆட்டினாள். உள்ளே போனாள். வேலு வெளியே நின்றபடி கதவைச் சாத்தினான்.